நத்தை வாரம்

சல்லடையம்மாவுக்குக் கோபம் வந்தால் தட்டு கழுவுவாள். சாப்பாட்டுத் தட்டு இல்லை, ஆய்வுக்கூடத்து வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு. குளத்துத் தண்ணீரை அதில் ஊற்றி, நெளிவது, நீந்துவது, ஒட்டிக்கிடப்பது எல்லாவற்றையும் இடுக்கியால் வகைவகையாகப் பிரிப்பதுதான் அவள் வேலை. சாதாரணக் கோபமென்றால் ஒரு தட்டோடு போய்விடும். அன்றைக்கு அறையில் இருந்த அத்தனை தட்டையும் கழுவிக் கவிழ்த்து, போதாதென்று கவிழ்த்ததை நிமிர்த்தி மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில், குழாய்ச் சத்தம் விடாமல் கேட்டால் மற்றவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய்விடுவார்கள். அன்றைக்கு எல்லோரும் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்த கதை சின்னது. உயிரியல் படித்தவள். கல்யாணம், பிள்ளை என்று சில வருடம் ஓடியது. பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இந்தச் சூழல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே ஓடைக்கு அனுப்பினார்கள். வலை இருந்தது, வாளி இருந்தது, சேற்றைச் சலிக்கச் சல்லடை வாங்கத்தான் மறந்திருந்தார்கள். அவள் வீட்டுக்கு ஓடி மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு போனாள். பெயர் ஒட்டிக்கொண்டது, சல்லடை சமையலறைக்குத் திரும்பவேயில்லை. கடைத்தெருவில் பூட்டுச் சாவிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் வருகிற போகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

"எங்க வீட்டு மாவுல கட்டி கிடக்கும், பாத்துச் சாப்பிடுங்க. இந்தம்மா சலிக்கிறதெல்லாம் சேறு மட்டும்தான்."

எத்தனையோ குளம் குட்டைகளை அவள் கலக்கியிருக்கிறாள். ஆனால் மனசு போய் உட்கார்ந்தது செங்கல் பள்ளத்தில். ஊருக்கு வெளியே, மூடிப்போன செங்கல் சூளைக்காரர்கள் மண் வெட்டி எடுத்த குழி அது. அவர்கள் போனபின் மழைத் தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீருக்கு யார் யாரோ வந்து சேர்ந்தார்கள். பார்க்க ஒன்றும் அழகில்லை. கரையில் முள், ஒரு மூலையில் உடைந்த செங்கல் குவியல், தண்ணீரோ தேநீர் நிறம். குப்பை கொட்ட வந்தவர்கள்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போன இடம்.

உள்ளே மட்டும் ஒரு பெரிய குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. கல்லில் படியும் பச்சை வழுக்கலை நத்தைகள் சுரண்டித் தின்னும். நத்தை சுரண்டுவதால் தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்கும், வெளிச்சம் இறங்குவதால் அடியில் பாசிக்கொடி வளரும். கொடிக்குள் தும்பியின் குஞ்சுகள் பதுங்கியிருந்து, மேலே நெளியும் கொசுப்புழுக்களை லபக்கென்று பிடிக்கும். தும்பிக் குஞ்சை நீர்வண்டு பிடிக்கும், நீர்வண்டை மீன் பிடிக்கும், மீனை வந்துபோகும் கொக்கு பார்த்துக்கொள்ளும். செத்ததைத் தின்ன அட்டையும் புழுவும். ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் வீட்டில் உலை கொதிக்காது. இப்படி நாற்பது வகை உயிர்களை அவள் அந்தப் பள்ளத்தில் கண்டிருந்தாள். சிலதை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்க்க முடியும். பார்த்த அன்று அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது நத்தை வாரம். முதல் மழை பெய்து தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பானதும், நத்தை முட்டையெல்லாம் சொல்லிவைத்ததுபோல ஒரே சமயத்தில் பொரியும். வலையைத் தூக்கினால் கஞ்சி மாதிரி நத்தைக் குஞ்சு. அந்தப் பள்ளத்தில் வாயுள்ள ஒவ்வொன்றுக்கும் அந்த வாரம்தான் வயிறு நிறையச் சாப்பாடு. வண்டு தின்னும், அட்டை தின்னும், மீன் தின்னும், எங்கிருந்தோ பறவைகள் வந்து தின்னும். கொஞ்ச நாளில் நத்தைக் கூட்டம் வற்றிப் பழைய அளவுக்கு வந்துவிடும். மற்றவை எல்லாம் கொழுத்துப்போய்க் குஞ்சு பொரிக்கத் தயாராகிவிடும்.

இதை அவள் ஒருநாள் அலுவலகத்தில் தேநீர் வேளையில் கண்கள் விரியச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர் புள்ளி சார்.

புள்ளி சார் அவளுடைய மேலாளர். அவள் படித்த கல்லூரியிலேயே அவளுக்கு ஒரு வருடம் முன்னால் படித்தவர். எதைச் சொன்னாலும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வேண்டும் அவருக்கு. தேநீருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் ஒன்றரைக் கரண்டி என்று சொல்லமாட்டார். "ஒண்ணு புள்ளி அஞ்சு" என்பார், தானே சிரித்துக்கொள்வார். நல்ல மனுஷன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நத்தைக் கதையைக்கூட எவ்வளவு ஆசையாகக் கேட்டார்! எந்த மாதம், மழைக்குப் பிறகு எத்தனை நாள், எவ்வளவு நாள் நீடிக்கும் என்றெல்லாம் விசாரித்தார். கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவள் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

அதற்கடுத்த வருடம் செங்கல் பள்ளத்துக்கு ஆபத்து வந்தது. நகராட்சிக்கு லாரி நிறுத்த இடம் வேண்டுமாம். பள்ளத்தை மூட விதி ஒன்று குறுக்கே நின்றது. பள்ளத்துக்குப் பதிலாக வேறொரு குளம் வெட்ட வேண்டும், அந்தப் புதுக்குளத்தின் உயிர்ப்பன்மை எண் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் ஊரின் மறுபக்கம், புதுக் குடியிருப்புக்கு நடுவே, சுற்றிலும் சிமெண்ட் கரை கட்டி ஒரு குளத்தை வெட்டினார். மீன் பண்ணையிலிருந்தும் அங்கங்கே குட்டைகளிலிருந்தும் எட்டு வகை நீர் உயிர்களை வாளி வாளியாகக் கொண்டுவந்து சம அளவில் கொட்டினார். இரண்டையும் அளக்கும் வேலை இவர்கள் நிறுவனத்துக்கு வந்தது. பள்ளம் பிழைப்பதும் சாவதும் இனி அந்த எண்ணின் கையில்.

முதல் மழை பெய்தது. சரியாக நத்தை வாரத்தில், பள்ளத்துக்குப் போய் வலை வீசச் சொல்லி அவளுக்கு உத்தரவு வந்தது.

"சார், இப்ப வேண்டாம் சார். ஒரு மாசம் பொறுங்க. இப்ப வலையப் போட்டா நத்தையத் தவிர ஒண்ணும் கண்ணுல படாது" என்று அவள் கெஞ்சினாள்.

"தேதி நான் குடுத்ததில்லம்மா. மேல இருந்து வந்தது" என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போனாள். வீசினாள். எண்ணினாள். பொய்யாக எண்ண அவளுக்குத் தெரியாது. பத்து உயிருக்கு ஒன்பது நத்தைக் குஞ்சு. மீதமுள்ள ஒன்றில்தான் மற்ற எல்லா வகையும் நெருக்கிக்கொண்டு நின்றன. புதுக்குளத்திலோ எட்டு வகையும் பங்கு போட்டதுபோலச் சமமாக நின்றன. எப்படி நிற்காமல் போகும்? கொட்டி இன்னும் ஈரம்கூடக் காயவில்லையே.

கணக்கு போட்டார்கள். செங்கல் பள்ளத்துக்கு முக்காலுக்கும் கீழே. புதுக்குளத்துக்கு இரண்டுக்கும் மேலே. அந்த எண்ணைப் பார்த்துத்தான் சல்லடையம்மா குழாயைத் திறந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் கணவரின் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவளைப் பார்த்ததும், அவர் அரம் பிடித்த கையை நிறுத்தினார்.

"என்ன, மூஞ்சி துருப்பிடிச்ச பூட்டு மாதிரி இருக்கு?"

அவள் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. நாற்பது எப்படி எட்டைவிடச் சின்னதாகும் என்று கேட்டார். அவள் அலமாரியிலிருந்து இரண்டு டப்பாவை எடுத்து வைத்தாள். ஒன்றில் அச்சு வெட்டாத வெற்றுச் சாவிகளைக் கொட்டினாள், நாற்பது மாதிரிச் சாவி. அதன்மேல் ஒரே மாதிரியான சைக்கிள் பூட்டுச் சாவிகளை அள்ளி அள்ளிப் போட்டாள். இன்னொன்றில் எட்டு மாதிரி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு.

"எங்க எண்ணு ரெண்டு விஷயத்தப் பாக்கும்ங்க. எத்தன மாதிரி இருக்குன்னு பாக்கும். எல்லாம் சமமா இருக்கான்னும் பாக்கும். ரெண்டையும் சேத்துக் கலக்கி ஒரே எண்ணாத் தந்துடும். ஒரே ஜாதிச் சாவி மேல குவிஞ்சு கிடந்தா எண்ணு விழுந்துடும். அதனால இந்த எட்டுதான் உசத்தி, அந்த நாற்பது மட்டம்."

"அட, பைத்தியக்காரத்தனமா இருக்கே! எந்த டப்பாவ வெச்சு நான் கடை நடத்துறதாம்?"

"அத யாரும் கேக்கல."

அந்த எண்ணின்மீது அவளுக்குப் பகை ஒன்றும் கிடையாது. ஒரே குளத்தை வருடாவருடம் ஒரே பருவத்தில் அளந்து பார்த்தால் அது நல்ல எண். சாக்கடை கலந்தால் இறங்கிக் காட்டும், தண்ணீர் தெளிந்தால் ஏறிக் காட்டும். எத்தனையோ தடவை அவளுக்கே கைகொடுத்திருக்கிறது. ஆனால் விருந்து நடக்கிற வீட்டில் நுழைந்து, சோற்றுப் பானையையும் சேர்த்து ஆள் கணக்கு எடுத்துவிட்டு, இங்கே சோறுதான் அதிகம், மனிதர்கள் குறைவு என்று எழுதினால்? அதைவிட அவளை உறுத்தியது இன்னொன்று. அந்த வாரம் எது என்று தேதி குறித்தவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளுக்கு, சட்டென்று அந்தத் தேநீர் வேளை ஞாபகம் வந்தது. எந்த மாதம், மழைக்குப் பிறகு எத்தனை நாள்.

மறுநாள் காலை செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே புள்ளி சாரின் மேசைக்குப் போனாள்.

"நான் சொன்னத வெச்சுத்தான தேதி குறிச்சீங்க?"

அவர் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். தெரியாமல் செய்திருந்தால் உட்காரவைத்துப் பாடம் நடத்தலாம். இவருக்கு எல்லாம் தெரியும். நத்தை ஏன் குவிகிறது, குவிந்தால் எண் ஏன் விழுகிறது, விழுந்த எண் எவ்வளவு சீக்கிரம் எழுந்துவிடும், எல்லாமே அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம்தான் படித்தார்கள்.

"எண்ணு தப்புன்னு காட்டுங்க, இப்பவே கிழிச்சுப் போடுறேன்" என்றார் அமைதியாக. "எண்ணினது யாரு? நீங்கதான. உங்க கையவிடச் சுத்தமான கை இந்த ஆபீஸ்ல இல்ல. அதனாலதான் உங்கள அனுப்பினேன்."

அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார். உயிர்களை இனம் கண்டவர் கையெழுத்துக்கு ஒரு இடம் காலியாக இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று நின்றாள். வேலை போகவில்லை. வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள், அறிக்கை போய்விட்டது. ஒரு மனுஷியின் மறுப்பு ஒரு தாளைக்கூடத் தாமதப்படுத்தவில்லை என்பது அவளுக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

நகராட்சி மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று வைத்தார்கள். விசிறி ஓடியது, தண்ணீர் பாட்டில் வரிசையாக வைத்திருந்தார்கள். மேடையில் ஒரு அதிகாரி, முன் வரிசையில் லாரி உரிமையாளர்கள். விருப்பமுள்ளவர்கள் பேசலாம் என்றதும் சல்லடையம்மா எழுந்தாள். நத்தையைச் சொன்னாள், கொடியைச் சொன்னாள், யார் யாரை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று சொன்னாள். கொண்டுவந்து கொட்டிய எட்டும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டம் மாதிரி, ஒருவருக்கு ஒருவர் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொன்னாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, அறிக்கையில இருக்கிற எண்ணு தப்பா?"

தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விசாரணை, மறு அளவு என்று இழுத்து, நத்தைக் கூட்டம் வற்றியபின் அளக்கையில் எண் ஏறியிருக்கும், பள்ளம் பிழைத்திருக்கும். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எண்ணினவள் அவள்.

"எண்ணு தப்பில்ல சார். ஆனா..."

"அப்ப உக்காருங்க."

முன் வரிசையில் சிரித்தார்கள். புள்ளி சார் சிரிக்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மண் லாரிகள் வந்த அன்று அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் முள்வேலிக்கு வெளியே நின்றாள். கணவரும் கடையை அடைத்துவிட்டுக் கூட வந்தார். தண்ணீர் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் ஒதுங்க இடமில்லாமல் சேறாகியது. தும்பிகள் மட்டும் மேலே சுற்றிச்சுற்றி வந்தன. தண்ணீர் இருந்த இடத்துக்கு நேர் மேலே, முட்டையிட வந்தவை.

"வா, போலாம்" என்றார் கணவர்.

"பாவிங்க" என்றாள் அவள்.

வேலையை விட்டுவிடச் சொன்னார் கணவர். அவள் விடவில்லை. "நான் போனா அந்தத் தட்டு முன்னால வேற எவளாவது உக்காருவா. அவ கையெழுத்தும் போடுவா" என்றாள்.

இரண்டாவது கோடையில் புதுக்குளம் நாறியது. குடியிருப்புக்காரர்கள் கொசுக்கடி தாங்காமல் நகராட்சியை உலுக்கினார்கள். போய்ப் பார் என்று மறுபடி சல்லடையம்மாவையே அனுப்பினார்கள். தண்ணீர் பச்சைக் கூழாக இருந்தது. என்ன நடந்தது என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுரண்ட நத்தையில்லை, வழுக்கல் மண்டிவிட்டது. வெளிச்சம் இறங்கவில்லை, கொடி வரவில்லை. நீர்வண்டுகள் இருந்த தலைப்பிரட்டைகளைத் தின்று தீர்த்துவிட்டு, அடுத்த வேளைக்கு ஒன்றுமில்லாமல் பறந்து போய்விட்டன. மூச்சுக்காற்று இல்லாமல் மீன் செத்தது, இறால் செத்தது. இங்கிருந்தவற்றுக்கு ஒதுங்கச் சேறு இல்லை. வெளியிலிருந்து வந்தவற்றுக்கு ஏறச் சிமெண்ட் கரை இடம் கொடுக்கவில்லை. தட்டில் ஊற்றினாள். இடுக்கிக்கு வேலையே இல்லை. தட்டு முழுக்க ஒரே வகைக் கொசுப்புழு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஆடியது.

ஒரே ஒரு வகைதான் என்றால் அந்தக் கணக்கில் விடை பூஜ்யம். புள்ளி சாரால்கூட இதற்குப் புள்ளி வைக்க முடியவில்லை.

"பூஜ்யம்" என்றார், கொஞ்சம் நிம்மதியாகவே. "நல்லதாப் போச்சு. உயிர்ப்பன்மை இல்லாத நீர்நிலைக்கு விதி பொருந்தாது. மூடிடலாம்னு நகராட்சி கேக்குது. லாரிக்குப் பழைய பள்ளத்து இடம் பத்தலையாம்." அறிக்கையை நகர்த்தினார். "இதுல உங்களுக்கு ஆட்சேபம் இருக்காதே? கொசு ஒழியட்டும்."

அவள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கூட்டம் என்னிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அதே மண்டபம், அதே அதிகாரி, தண்ணீர் பாட்டில்கூட அதே வரிசையில். சல்லடையம்மா எழுந்ததுமே அதிகாரிக்கு முகம் ஞாபகம் வந்துவிட்டது.

"அம்மா, எண்ணு தப்பா?"

"தப்பில்ல சார். போன தடவையும் தப்பில்ல, இந்தத் தடவையும் தப்பில்ல. ரெண்டையும் நான்தான் எண்ணினேன்" என்றாள். குரல் மண்டபத்தின் கடைசிவரை கேட்டது. "இதோட எண்ணு பெருசுன்னு சொல்லி அந்தப் பள்ளத்த மூடினீங்க. இப்ப இதோட எண்ணு சின்னதுன்னு சொல்லி இதையும் மூடுறீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எந்த எண்ணு வந்தா நீங்க ஒரு குளத்த மூட மாட்டீங்க? சொல்லுங்க சார், அத எண்ணித் தரேன்."

முன் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார், பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார், மறுபடி புரட்டினார். பிறகு "கருத்து பதிவு செய்யப்பட்டது" என்றார். அடுத்தவர் பேச அழைக்கப்பட்டார். புதுக்குளத்தையும் மூடினார்கள். அங்கே இப்போது லாரிகள் நிற்கின்றன, மழை பெய்தால் டயர் தடத்தில் தண்ணீர் நிற்கிறது, கொசு எங்கேயும் போகவில்லை.

போன மாதம் சல்லடையம்மாவை வேறொரு ஓடைக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கம் சாலை வரப்போகிறதாம். சேறு அப்பிய காலோடு மாடியேறி வந்தவளைத் தேநீர் வேளையில் புள்ளி சார் பார்த்தார். உண்மையாகவே ஆசையாகக் கேட்டாரோ, பழக்கத்தில் கேட்டாரோ.

"என்னம்மா, ஏதாவது விசேஷமா இருந்துச்சா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுமில்ல சார். எண்ணினது எல்லாம் தாள்ல இருக்கு."

சாயங்காலம் கணவரின் கடையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் கொட்டித் தீர்த்தாள். ஓடையில் ஒரு கல்லுக்கு அடியில் அவள் புத்தகத்தில் மட்டுமே படித்து, இதுவரை பார்த்தேயிராத ஒன்று, மணலை ஒட்டி ஒட்டித் தனக்கு வீடு கட்டிக்கொண்ட ஒரு புழு, எந்த மாதத்தில் வருகிறது, எதைத் தின்கிறது, எதற்கு இரையாகிறது என்று எல்லாம். கடைக்கு வந்த ஒரு ஆள் சாவிக்குக் காத்துக்கொண்டு நின்றார். அவர் காதில் விழாதபடி அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.